கழுத்து வெட்டிய வட்டங்கள்

பினாங்கு, சூலியா தெரு
1926 நவம்பர் 14

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சலாம் சொல்லாமலே ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். அந்தப் பாவம் வேறு எனக்கு எதற்கு என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் கடல் தாண்டி மேடானுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று முதலாளி வீட்டு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். முதலாளிக்கு எழுதக் கை வந்திருக்கிறது, பெண்டாட்டிக்கு ஒரு வரி எழுத வரவில்லை. இருக்கட்டும்.

முந்தாநாள் நம் ரொஸ்னாவுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதினோம். பக்கத்து வீட்டு நூர் பீவி அக்காதான் வந்து சோறாக்கினாள். நான் எழுந்து உட்காருகிறேன், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன், அவ்வளவுதான். அந்தக் காய்ச்சல் பிள்ளையை எடுத்துக்கொண்டு என்னைச் சக்கையாகத் துப்பிவிட்டுப் போயிருக்கிறது. ஓதி முடிந்ததும் லெபை, "புள்ளையோட உடுப்பெல்லாம் எடுத்து வைங்கம்மா, ஏழைப் புள்ளைங்களுக்குக் கொடுத்திரலாம்" என்றார். வழக்கம்தானே என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு தகரப்பெட்டியைத் திறந்தேன். அதுவரைக்கும் அந்தப் பெட்டிப் பக்கமே நான் போகவில்லை. உள்ளே ஒரு நூல்கூட இல்லை, மச்சான்.

லெபை முன்னால் நான் எப்படி நின்றிருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள். நூர் பீவி அக்கா அப்புறம்தான் வாயைத் திறந்தாள். பிள்ளையை அடக்கிவிட்டு வந்த மூன்றாம் நாள், நான் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது, நீங்கள் எல்லாவற்றையும் ஒரு கைலியில் மூட்டையாகக் கட்டி யாருக்கோ கொடுத்துவிட்டீர்களாம். அப்புறம் மேடானில் இருக்கிற கிளைத் துணிக்கடைக்கு ஆள் வேண்டும் என்று முதலாளி கேட்டதும் முதல் ஆளாய்க் கப்பல் ஏறிவிட்டீர்கள்.

அவ்வளவு என்ன அவசரம்? நாற்பது வரைக்கும் பொறுத்திருந்தால் நானே ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்து மடித்துக் கொடுத்திருப்பேன். ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருப்பேன். போன பெருநாளுக்கு மலாய்ப் பிள்ளைகள் போடுகிற மாதிரிச் சட்டையாகத் தைத்த அந்தப் பச்சைப் பட்டு பாஜு. எனக்கு வேறெதுவும் வேண்டாம். அது மட்டும் வேண்டும்.

யாரிடம் கொடுத்தீர்கள்? பேர் ஒன்றை மட்டும் எழுதுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மஹ்பூபா


மேடான்
1926 நவம்பர் 27

மஹ்பூபாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் வந்தது. எழுத்திலேயே உன் குரல் கேட்டது. கடைப் பையன்கள் திரும்பிப் பார்க்கிறார்களோ என்று பாதியில் மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கொய்னா மாத்திரையை விடாமல் சாப்பிடு. கசக்கிறது என்று ஜன்னல் வழியாக வீசுகிற ஆள் நீ, எனக்குத் தெரியும். கஞ்சியில் கொஞ்சம் இஞ்சி போட்டுக் குடி.

பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீ போய் நிற்பாய். சதகாவாகக் கொடுத்துவிட்டேன், புள்ளே. ஏழைக்குத் தர்மமாகக் கொடுத்ததை யாருக்கென்று சொல்லிக்கொண்டு திரிவதும், திருப்பிக் கேட்பதும் நம் மார்க்கத்தில் இல்லை. எந்தப் பிள்ளை அதை உடுத்துகிறதோ, அது உடுத்தி இருக்கிற வரைக்கும் நம் பிள்ளைக்கு நன்மை போய்க்கொண்டே இருக்கும். வாப்பா என்று அவளுக்கு இனிமேல் நான் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அதையும் பிடுங்காதே.

ஏன் மூன்றாம் நாளே என்று கேட்கிறாய். வீட்டில் நீ ஒரு பக்கம் புலம்பிக்கொண்டு கிடக்கிறாய். அந்தப் பெட்டி ஒரு பக்கம் இருக்கிறது. என்னால் இரண்டையும் பார்க்க முடியவில்லை. உன்னைத் தூக்கிக் கொடுக்க முடியாது. இதற்கு மேல் கேட்காதே.

இங்கே கடை பரவாயில்லை. மழை விடவே இல்லை.

ஷேக் அலாவுதீன்


பினாங்கு
1926 டிசம்பர் 19

மச்சானுக்கு,

என்னைத் தூக்கிக் கொடுக்க முடியாது என்று எழுதியிருந்ததைப் படித்துச் சிரிப்பு வந்தது. பிள்ளை போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதற்காகக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

பேரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேறொன்று கிடைத்திருக்கிறது.

நூர் பீவி அக்கா தன் மகள் கல்யாணத்துக்குத் தலையணை தைக்கிறாள். உள்ளே அடைக்க வெட்டுத்துணி கேட்டாள். நான் தைத்துச் சேர்ந்த துண்டெல்லாம் ஒரு கோணிப்பையில் பரண்மேல் கிடக்கிறதே, அதை இறக்கிக் கொட்டினேன். எத்தனை வருஷத்துச் சில்லறைத் துண்டு! அதற்குள்ளே இருந்து பட்டுத்துணியில் ஒரு பச்சை வட்டம் வந்து விழுந்தது.

பாஜுவுக்கு நான் கழுத்து வெட்டுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். துணியை நாலாக மடித்து, மூலையில் கத்தரியை ஒரு வளைவு வளைப்பேன். விரித்தால் நடுவில் கழுத்துக்கு ஓட்டை, கையில் ஒரு வட்டம். ரொஸ்னா அந்த வட்டத்துக்காகவே கத்தரிப் பக்கத்தில் காத்துக் கிடப்பாள். எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "நான் லெபை. எல்லாரும் ஆமீன் சொல்லுங்க" என்பாள். ஆமீன் சொல்லாவிட்டால் அடி விழும். அப்புறம் விளையாடி முடித்து அவளே கோணிப்பையில் போட்டுவிடுவாள்.

மற்றதைக் கிளறிப் பார்த்தேன். எல்லாம் இருக்கிறது, மச்சான். முதல் பெருநாளுக்குத் தைத்ததிலிருந்து ஒன்றுகூட விடாமல் இருக்கிறது. கைக்குழந்தையில் போட்டது ஒரு பிஸ்கோத்து அளவுதான். வருஷத்துக்கு வருஷம் பெரிதாகி, பச்சை வட்டம் என் உள்ளங்கையை மறைக்கிறது. பாஜுவெல்லாம் உங்கள் மூட்டையோடு போய்விட்டது, அதன் கழுத்தெல்லாம் என்னிடம் இருக்கிறது. இதையும் தர்மம் பண்ணச் சொல்வீர்களோ?

ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்துத் தைக்கிறேன். ஓரத்துக்கு விலாங்குமுள் தையல் போடுகிறேன். பாஜுக் கழுத்தில் போடுவதுதான். அந்தத் தையலுக்குக் கண்ணை எடுக்க முடியாது, எடுத்தால் நூல் பிசகிவிடும். அதனால் தைக்கிற நேரத்தில் அழ வருவதில்லை. நூர் பீவி அக்கா, "இதெல்லாம் மனசுக்கு ஆகாதுடி, வாசல்ல வந்து உக்காருலா" என்கிறாள். அவளுக்கென்ன, மகளுக்குக் கல்யாணம்.

மஹ்பூபா


மேடான்
1927 ஜனவரி 5

மஹ்பூபாவுக்கு,

நூர் பீவி சொல்வதுதான் சரி. துண்டுத்துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்காராதே. கண் கெட்டுப்போகும்.

நேற்று ஒரு மலாய் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். பாஜுவுக்கு ரோஸ் நிறத்தில் துணி வேண்டும் என்றார். மகள் நன்றாக வளர்ந்தவள், கல்யாண வயது. நான் ஒரு வார்த்தை கேட்காமல், முழம் போட்டு, டர்ரென்று கிழித்து, மடித்துக் கையில் கொடுத்துவிட்டேன். அந்தம்மா விரித்துப் பார்த்துவிட்டு, என்னையே முதலாளியாக்கி, "தவுக்கே, இது யாருக்கு, பொம்மைக்கா?" என்று சிரித்தார். அப்போதுதான் பார்த்தேன், ரொஸ்னா அளவுக்குக் கிழித்திருக்கிறேன். நானும் சிரித்துவிட்டு வேறு கிழித்துக் கொடுத்தேன். அந்தச் சின்னத் துண்டு இப்போது என் பெட்டியில் கிடக்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

ஷேக் அலாவுதீன்


பினாங்கு
1927 ஜனவரி 20

மச்சான்,

பேரைச் சொல்ல மாட்டேன் என்றீர்கள். நீங்கள் சொல்லவே வேண்டாம். எனக்குத் தெரிந்துவிட்டது.

தைப்பூசத்துக்கு வெள்ளித்தேர் புறப்பட்டு வந்தது. தெரு முனை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நூர் பீவி அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தேங்காய் உடைக்கிறவர்கள் ஒரு பக்கம், தண்ணீர்மலைக் கோயிலுக்கு நடக்கிறவர்கள் ஒரு பக்கம், தலை மேல் தலை. அந்தத் தலைகளுக்கு மேலே ஒரு பெண்பிள்ளை, வாப்பா தோளில் உட்கார்ந்துகொண்டு தேரைப் பார்த்துக் கையாட்டுகிறது. பாவாடைக்கு மேலே பச்சைப் பட்டு பாஜு. கழுத்தைச் சுற்றி மஞ்சள் நூலில் விலாங்குமுள் தையல். என் தையல் எனக்குத் தெரியாதா?

எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. முக்காடு நழுவிவிட்டது, ஒரு செருப்பு போயே போய்விட்டது. "அடியே, உனக்கென்ன பைத்தியமா?" என்று நூர் பீவி அக்கா பின்னாலேயே கத்திக்கொண்டு வருகிறாள். கிட்டே போகிறதுக்குள் கூட்டம் அவர்களை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆனால் தோளில் வைத்திருந்த ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டேன். பிச்சைமுத்து. ஜெலுத்தோங்கில் இருந்து வந்து உங்கள் கடைக்கு மூட்டை ஏற்றுகிற மாட்டுவண்டிக்காரர்.

பிடுங்கிக்கொண்டு வந்துவிட மாட்டேன், பயப்படாதீர்கள். அதைவிட நல்ல பட்டு எடுத்து, அதைவிட நல்ல பூவேலை போட்டு, புது பாஜு ஒன்று தைத்துக்கொண்டிருக்கிறேன். அதைக் கொடுத்துவிட்டு இதை வாங்கி வருவேன். அந்தப் பிள்ளைக்கும் நஷ்டம் இல்லை.

மஹ்பூபா


மேடான்
1927 ஜனவரி 29

மஹ்பூபா,

தபால் கப்பல் புறப்படப் போகிறது, அவசரமாக எழுதுகிறேன். ஜெலுத்தோங்குக்குப் போகாதே.

புதுசு கொடுத்துப் பழசை வாங்கினாலும் அது கொடுத்ததைத் திருப்பி வாங்கியதுதான். இங்கே பள்ளிவாசலில் இமாமிடம் கேட்டுவிட்டேன். யார் விஷயம் என்று சொல்லாமல்தான் கேட்டேன். கூடாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

அன்றைக்கு நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றேன். எங்கே போக என்று தெரியவில்லை. பிச்சைமுத்து வண்டியை நிறுத்தினார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இறங்கி வந்து பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான். எத்தனையோ பேர் வந்து எவ்வளவோ சொல்லிவிட்டுப் போனார்கள், ஒன்றும் சொல்லாமல் நின்றவர் அவர் ஒருவர்தான். அவருக்கும் அதே வயதில் ஒரு மகள். அதனால் கொடுத்தேன். மஹ்பூபா, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அந்தப் பிள்ளை உடம்பிலிருந்து அதைக் கழற்றாதே.

ஷேக் அலாவுதீன்


பினாங்கு
1927 பிப்ரவரி 4

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வந்ததற்கு முந்தின நாளே நான் போய்விட்டு வந்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டிராமை விட்டு இறங்கி மாட்டுக்கொட்டகையை விசாரித்துக்கொண்டு போனேன். அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட சின்ன வீடு. பிச்சைமுத்து வண்டி கட்டிக்கொண்டு வெளியே போயிருந்தார். அவர் சம்சாரம் நல்லம்மாள் மாவாட்டிக்கொண்டிருந்தாள். நான் இன்னார் என்று சொன்னதும் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்து என்னைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். என் முக்காடெல்லாம் மாவு. "உங்க வீட்டுக்காரரு மொகமே இல்லாம நின்னாராம்க்கா. எங்க ஆளு வந்து சொல்லிட்டு ரெண்டு நாளு சோறு திங்கல" என்றாள்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவள் ஒரு நொடி யோசிக்கவில்லை. "இதுக்குப் போயி புதுசு எதுக்குக்கா? ஒங்க புள்ளையோடது, நீங்க எடுத்துக்கங்கலா" என்றாள். உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டாள். நவமணி என்று பேர். வந்தாள். அதே பாஜுதான் போட்டிருந்தாள். வீட்டில் வேறு இல்லையோ, இல்லை அதை விட்டு வேறு போட மாட்டேன் என்கிறாளோ தெரியவில்லை.

"கழட்டுடி" என்றாள் நல்லம்மாள். பிள்ளை கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் நெஞ்சை மூடிக்கொண்டு நின்றது. புது பாஜுவை விரித்துக் காட்டினேன். முழுக்கப் பூவேலை, நீங்கள் பார்த்திருந்தால் கடையில் தொங்கவிடலாம் என்பீர்கள். அவள் அதைத் திரும்பியே பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நான் நல்லாத்தான் வச்சிருக்கேன் அத்தை. மாட்டுக்கிட்டப் போறப்ப போட்டுக்கிட்டுப் போறதே இல்ல. வேணும்னா எங்கம்மாவக் கேளுங்க" என்றாள்.

அவள் சரியாக வைத்துக்கொள்ளாததால்தான் நான் வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள், மச்சான். நல்லம்மாள் கையிலிருந்து பாஜுவை வாங்கி, நானே அவள் தலை வழியாகப் போட்டுவிட்டேன். போடும்போது இரண்டு கையையும் மேலே தூக்கினாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் தூக்கும். என்னால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. புதுசையும் அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நான் நல்லவள், பொறுமைசாலி என்றெல்லாம் பதில் எழுதிவிடாதீர்கள். ஜெலுத்தோங்கில் இருந்து வீடு வந்து சேருகிற வரைக்கும் உங்களைத் திட்டிக்கொண்டேதான் வந்தேன். டிராமில் பக்கத்தில் இருந்த சீனத்தி தள்ளி உட்கார்ந்துகொண்டாள். போனது ஒரு பாஜு, இப்போது இரண்டாக ஆகிவிட்டது. உங்கள் சதகா பத்திரமாக இருக்கிறது. நான்தான் வெறுங்கையோடு இருக்கிறேன்.

மஹ்பூபா


மேடான்
1927 மார்ச் 27

மஹ்பூபாவுக்கு,

இத்தனை நாளாகப் பதில் எழுதவில்லை. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். நன்றி என்று எழுதினால் திட்டுவாய். எழுதாவிட்டாலும் திட்டுவாய்.

அந்தப் பிள்ளை சொன்னதைப் படித்துவிட்டு நான் கடையை விட்டு இறங்கி ஆற்றங்கரை வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன்.

பெருநாள் வருகிறது. நீ வா வா என்று எழுதவில்லை, ஆனால் எதிர்பார்ப்பாய். என்னால் வர முடியாது. முதலாளி லீவு தர மாட்டார் என்று பொய் எழுத நினைத்தேன். கேட்டால் தருவார். நான்தான் கேட்கவில்லை. கதவைத் திறந்ததும் "வாப்பா, எனக்கென்ன வாங்கிட்டு வந்தீங்க?" என்று கேட்க ஆள் இல்லாத வீட்டுக்குள் எப்படிக் காலை வைப்பது? நீ அங்கேயே இருக்கிறாய். எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. நீ என்னைவிடத் திடமான ஆள் என்பது மட்டும் தெரிகிறது.

நீ தைத்துக்கொண்டிருந்த அந்த வட்டங்களை முடித்துவிட்டாயா? முடித்திருந்தால் எனக்கு அனுப்ப முடியுமா? ஒரு தடவை பார்க்க வேண்டும் போல் இருக்கிறது.

ஷேக் அலாவுதீன்


பினாங்கு
1927 ஏப்ரல் 11

மச்சானுக்கு,

பெருநாள் முடிந்தது. பெருநாள் என்று நான் ஒன்றும் சமைக்கவில்லை, நூர் பீவி அக்கா வீட்டிலிருந்து நெய்ச்சோறு வந்தது. காலையில் ரொஸ்னாவை அடக்கிய கபர்ஸ்தானுக்குப் போய் வாசலில் நின்று துஆ செய்துவிட்டு வந்தேன். 

மத்தியானம் வாசலில் மணிச்சத்தம். பிச்சைமுத்து வண்டி. நல்லம்மாள் ஒரு தூக்கில் பாயசத்தோடு இறங்கினாள், கூடவே நவமணி. "பெருநாளுக்குச் சும்மா இருப்பீங்கன்னு இவதான் வண்டியத் திருப்பச் சொன்னா" என்றாள். பிள்ளை அந்தப் புது பாஜுவைப் போட்டுக்கொண்டு வந்திருக்கக் கூடாதோ? இல்லை. பச்சைதான். நான் பார்க்க வேண்டும் என்றே போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், சுத்தமாக வைத்திருப்பதைக் காட்ட. ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். கறை ஒன்றும் இல்லைதான்.

வட்டங்களை அனுப்பியிருக்கிறேன். துணியைத் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள், சிவப்பு சாயம் போகும். நான் முடித்ததும் மடித்துப் பெட்டியில் வைக்கத்தான் நினைத்தேன். நீங்கள் கேட்டதும் கொடுத்துவிடுவது என்று ஆகிவிட்டது. ஏனென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நீங்கள் அங்கே ஒன்றுமே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது அந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது. இத்தனை நாள் எனக்கு மட்டும்தான் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தைக்கிறதை நிறுத்தவில்லை. இப்போது மிச்சத் துண்டுகளை வைத்துச் சின்னப் பைகள் தைக்கிறேன். தெருவில் பிள்ளை பெறுகிறவர்கள் வசம்பு போட்டுத் தொட்டிலில் கட்டிக்கொள்ளக் கேட்டு வருகிறார்கள்.

மஹ்பூபா


மேடான்
1927 மே 2

மஹ்பூபாவுக்கு,

பார்சலைக் கடையில் பிரிக்கவில்லை. அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தேன்.

எல்லாத் துணியும் எனக்குத் தெரிகிறது. துணிக்காரன் இல்லையா. சிவப்புப் பொட்டுப் போட்ட வெள்ளை மல், நீ பேறுகாலத்தில் இருந்து எழுந்து தைத்தது. மஞ்சள் சீட்டி, அந்த வருஷம் அவள் நடக்க ஆரம்பித்தாள். நீல வாயில் துணி நான் எடுத்தது, உனக்குப் பிடிக்கவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே தைத்தாய். ஊதாவும் ரோஸும் அவளே கடைக்கு வந்து துணி பீஸ் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டது. பச்சைப் பட்டு வந்த அன்றைக்கு முதல் வாடிக்கையாளர் கேட்டும் தராமல் அவளுக்கென்று ஒதுக்கி வைத்தேன்.

விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். இந்த வட்டங்களை வெட்டி எடுத்த ஓட்டைகள் வழியாகத்தானே ஒவ்வொரு பெருநாளும் அவள் தலை வெளியே வந்தது. முடியெல்லாம் கலைந்து, சிரித்துக்கொண்டு வரும். 

அழுதேன். பிள்ளையை அடக்கியபோதுகூட ஒரு சொட்டு விடாத மனுஷன் என்று நீ காய்ச்சலிலும் என்னைக் குத்திக் காட்டினாய். இப்போது அழுதேன், நன்றாக அழுதேன். தெரிந்துகொள்.

ஷேக் அலாவுதீன்


பினாங்கு
1928 ஜனவரி 31

மச்சானுக்கு,

ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் நீங்கள் வரவில்லை, மழைக்காலத்திலும் வரவில்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன். இன்றைக்கு ஒரு சமாச்சாரம் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை தைப்பூசம். நேற்று நல்லம்மாள் நவமணியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பச்சை பாஜுவைத் துவைத்து மடித்துக் கையில் வைத்திருந்தாள். "அக்குள்ல பிடிக்குதுக்கா, கையத் தூக்க முடியல இவளால. பத்தாமப் போச்சு" என்றாள். அப்புறம் என் மடியில் அதை வைத்தாள். "நீங்களா கேக்கல, நாங்களாத் தர்றோம். இப்ப எந்தச் சாமியும் குத்தம் சொல்லாது. எடுத்துக்கங்கக்கா, ஒங்க புள்ளையோடது."

மச்சான், ஒரு வருஷத்துக்கு மேல் எதற்காகத் தவித்தேனோ அது என் மடியில் கிடக்கிறது. நீங்களும் தடுக்க முடியாது, உங்கள் இமாமும் தடுக்க முடியாது. முகத்தில் வைத்து முகர்ந்தேன். வெயில் வாசனை, தேங்காயெண்ணெய், கொஞ்சம் விறகுப் புகை. நம் பிள்ளையின் வாசனை அதில் இல்லை. எப்போதோ போய்விட்டிருக்கிறது.

நவமணி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மெதுவாக, "கொஞ்சம் அகலமாக்க முடியாதா அத்தை?" என்றாள். "சும்மா இருடி, வெக்கங்கெட்டவளே" என்று நல்லம்மாள் ஒரு குட்டு வைத்தாள்.

நான் முடியும் என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது, யோசித்துச் சொல்லவில்லை.

கத்தரியை எடுத்துப் பக்கத் தையலைப் பிரித்தேன். பிள்ளைகளுக்குத் தைக்கும்போது வளருவார்களே என்று இரண்டு பக்கமும் துணியை உள்ளே மடித்து விடுவேன், உங்களுக்குத் தெரியும். எனக்கு அது மறந்தே போயிருந்தது. பிரித்தால் வெளிப்பக்கம் எல்லாம் வெளுத்துக் கிடக்கிறது, உள்ளே மடித்த துணி மட்டும் நீங்கள் கொண்டுவந்த அன்றைக்கு இருந்த அதே பச்சையாக இருக்கிறது. ரொஸ்னா வளருவாள் என்று விட்ட துணி. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நல்லம்மாள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அப்புறம் அதைப் பிரித்து விட்டுத் தைத்தேன். பக்கத்துக்கு இரண்டு விரல். நவமணிக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இத்தனை நாளும் நம் பிள்ளை என் கண்ணுக்குள்ளே ஆறு வயசிலேயே நின்றுகொண்டிருந்தாள், மச்சான். இருந்திருந்தால் இன்றைக்கு இவ்வளவு அகலம் இருந்திருப்பாள். அது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. நவமணியை அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டாள். அப்புறம், "அத்தை, கசங்குது" என்றாள்.

பச்சை பாஜுவைப் போட்டுக்கொண்டே வண்டியேறிப் போய்விட்டாள். நான் வைத்துக்கொள்ளவில்லை. உள்ளே விட்ட துணி முழுக்க முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் ஒட்டுத்தான் போட வேண்டும். போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மஹ்பூபா


மேடான்
1928 பிப்ரவரி 11

மஹ்பூபாவுக்கு,

மேடானில் உள்ள கடையெல்லாம் ஏறி இறங்கிவிட்டேன். அந்தப் பச்சை எங்கேயும் இல்லை. அது வந்த மில்லே வேறு சாயத்துக்கு மாறிவிட்டதாம். கிட்டத்தட்ட ஒத்து வருகிற ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன், ஒட்டுப் போட்டால் ஒட்டுத் தெரியும். தெரிந்தால் தெரியட்டும்.

எவ்வளவு கிழிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வயதுப் பிள்ளைக்கு நான் துணி கிழித்ததில்லை. அதனால் கிழிக்கவில்லை, முழு பீஸாகவே கட்டியிருக்கிறேன்.

தபாலில் போடவில்லை. செவ்வாய்க்கிழமைக் கப்பலில் நானே கொண்டுவருகிறேன். பிள்ளையை வரச் சொல்லி வை. அளவு நான் எடுக்கிறேன்.

ஷேக் அலாவுதீன்